வெடித்ததாகக் கொள்ளப்படும்

நாற்பது மார்ட்டர் குண்டுகள் சுடப்பட்டன. முப்பத்து நான்கு வெடித்தன. ஆறு வெடிக்கவில்லை. நியூ மெக்சிகோ பாலைவனத்தில், ஆல்கலி வாஷ் சோதனைத் திடலில் அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இவ்வளவுதான். அதை இவ்வளவு சுருக்கமாக எழுதிக் கொடுத்ததுதான் எலோய் கண்டெலாரியா செய்த குற்றம்.

இருபத்திரண்டு வருடமாக அவனுக்கு இரண்டே வேலை. சுடுகிற நாளில் சிமெண்ட் அறைக்குள் உட்கார்ந்து, தொலைநோக்கியில் பார்த்து, ஒவ்வொரு குண்டும் எங்கே விழுந்தது, வெடித்ததா என்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அதே மணலில் நடந்து போய், சிதைந்த பலகை இலக்குகளைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றை அடித்து நட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் செயலிழப்புப் படை வந்து, வெடிக்காமல் கிடப்பவற்றுக்கு வெடிவைத்து அழித்துவிட்டுப் போகும். எத்தனை கிடக்கின்றன என்று தாளில் இருந்தால்தான் படை வரும்; இல்லாவிட்டால் வராது. ஆக எலோயின் இரண்டு கால்களும், அவனோடு இலக்கு நடும் ஒஃபீலியா தஃபோயாவின் இரண்டு கால்களும் அந்தத் தாளை நம்பித்தான் இருந்தன.

இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் நடந்து வந்தது. வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு புண்ணியவானுக்கு, ஆயுதத்தைச் சோதனை சோதிக்கிறது, சோதனையை யார் சோதிப்பது என்று ஒருநாள் தோன்றிவிட்டது. தோன்றிய ஆறே மாதத்தில் சோதனைத் திட்டங்களின் செயல்திறனை அளக்க ஓர் அலுவலகமும் அதற்கு இருநூறு ஆட்களும் வந்தார்கள். நாட்டிலிருந்த பன்னிரண்டு திடல்களுக்கும் மதிப்பெண் போட்டார்கள். சோதனை வெற்றி என்றால் மதிப்பெண் ஏறும், தோல்வி என்றால் இறங்கும். தோற்றது ஆயுதமா, சோதனையா என்று பிரித்து எழுத அவர்கள் அட்டவணையில் இடம் இல்லை.

போன வருடம் எலோய் பத்தொன்பது கோளாறுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். திடல் பதினோராம் இடத்துக்கு இறங்கியது. முதலிடம் பிடித்த திடலில் மூன்று வருடமாக ஒரு கோளாறுகூடப் பதிவாகவில்லை. அங்கிருந்த ஒரே பீரங்கி மூன்று வருடமாகப் பழுதுபார்க்கப் போயிருந்தது என்பது பின்னால் தெரிந்தது. அதற்காகப் பரிசை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

அந்தப் பதினோராம் இடம் திடலின் தலைவர் கர்னல் ஹாலிஸ் ரெட்டிக்கை உலுக்கிவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார்.

"நாம ஆயுதத்தைச் சோதிக்கிறோம்னு உங்கள்ல சில பேர் இன்னும் நினைச்சிட்டிருக்கீங்க. அதெல்லாம் பழைய காலம். குண்டு வெடிக்குதா இல்லையாங்கறது குண்டு செய்யறவன் கவலை. சோதனை நல்லா நடந்துச்சாங்கறது நம்ம கவலை. குண்டு வெடிக்கலைன்னா சோதனை நல்லா நடந்ததுன்னு எப்படிச் சொல்ல முடியும்? யோசிங்க."

எல்லோரும் யோசித்தார்கள். பிறகு கைதட்டினார்கள். எலோய்க்கு எங்கோ இடித்தது. எங்கே என்று சொல்லத் தெரியாததால் அவனும் தட்டினான்.

குண்டு வெடிக்காத மறுநாள், புதன்கிழமை, மதிப்பிடல் கூட்டம் கூடியது. இந்தக் கூட்டத்துக்கு ஒரு சாஸ்திரம் உண்டு. தோல்வி என்று ஒன்று வந்துவிட்டால் அதை அநாதையாக விடக் கூடாது; யார் தலையிலாவது கட்ட வேண்டும். குண்டு, சுட்டவர், வானிலை, தரை, பார்த்தவர் என்று ஐந்து தலைகள் தயாராக இருந்தன. யார் தலை என்பதைக் கைதூக்கி முடிவு செய்வார்கள். தூக்குவதற்கு ஏழு கைகள். அதில் ஒன்று கர்னலுடையது. ஒன்று செயல்திறன் அதிகாரி ஸ்கைலர் ஹஃப்புடையது. ஒன்று குண்டு செய்த கம்பெனியின் ஆளான வேட் கிரம்லியுடையது. சர்க்கரைத் தூள் தூவிய டோனட் இரண்டு பெட்டி வாங்கி வருவதும் கிரம்லிதான். ஏழு பேரில் ஒருவர்கூடத் திடலின் மணலை மிதித்தவர் இல்லை. அங்கே தூசி அதிகம்.

ஒன்பதாவது குண்டின் தோல்வி காற்றின் தலையில் கட்டப்பட்டது. பன்னிரண்டாவது பொலபொல மணலில் விழுந்திருந்தது. தரை ஒத்துழைக்கவில்லை என்று எழுதினார்கள். பதினேழாவதற்கு வந்தபோது ஹஃப் மேடம் எலோயை எழுந்து நிற்கச் சொன்னார்.

"பதினேழு வெடிக்கலைன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"சத்தம் வரலை மேடம். புகையும் வரலை. காலையில தொலைநோக்கில பார்த்தேன், வால் தெரியுது. அங்கேயேதான் கிடக்கு."

"அது காலையில. இப்ப கிடக்குதா?"

"கிடக்குது மேடம்."

"நீங்க இங்க எங்ககூட இருக்கீங்க. இந்த நிமிஷம் அது அங்க கிடக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒரு கணம் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பார்த்தவரிடம் உறுதியான தகவல் இல்லை என்று பதிவானது.

இருபத்து மூன்றாவது குண்டு விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஓரிக்ஸ் மான் நின்றிருந்தது. வேட்டைக்காரர்களுக்காக எந்தக் காலத்திலோ ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட மிருகம். இப்போது திடல் முழுக்க அதன் குடும்பம்தான். கிரம்லி எழுந்தார். குரலே தழுதழுத்துவிட்டது.

"ஒரு வாயில்லா ஜீவனைப் பார்த்துட்டு அந்தக் குண்டு நிதானமா இருந்திருக்கு. இதையா தோல்விங்கறீங்க? மத்த கம்பெனிக்காரங்க இந்த ஒரு குணத்துக்காக வருஷக்கணக்கா மண்டையை உடைச்சிட்டிருக்காங்க."

அதற்கு வெற்றியோடு இரண்டு மதிப்பெண் கூடுதலாகவும் கிடைத்தது. முப்பத்தொன்றும் முப்பத்தெட்டும் வருவதற்குள் டோனட் தீர்ந்துவிட்டது. அவற்றை 'ஒத்திவைக்கப்பட்ட வெடிப்பு' என்று ஒரே மூச்சில் முடித்தார்கள். ஆறுக்கும் எதிரே ஹஃப் மேடம் ஒரே வாசகத்தை நிரப்பினார்: வெடித்ததாகக் கொள்ளப்படும். ஆக மொத்தம் நாற்பதுக்கு நாற்பது.

எலோய் தயங்கித் தயங்கி, அப்படியானால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் படை வருமா என்று கேட்டான்.

"எதுக்கு?" என்றார் ஹஃப் மேடம். "ஒண்ணுமே இல்லாத இடத்துக்குப் படையைக் கூப்பிட்டா வீண் அழைப்புன்னு நமக்கு ரெண்டு மார்க் போயிடும்."

எலோய் வெளியே வந்து செயலிழப்புப் படையின் சார்ஜெண்ட் டெல்பர்ட் சோசிக்கே போன் செய்தான். சோசி நல்ல மனிதர். முழுதும் கேட்டுவிட்டு, "எலோய், நீ சொல்றதை நான் நம்பறேன். என் கம்ப்யூட்டர் நம்பாது. பூஜ்யத்துக்கு என்னால வண்டி எடுக்க முடியாது" என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு மணலில் நடக்க முடியாது.

ஒஃபீலியா வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து பச்சை மிளகாய் பரிட்டோ தின்றுகொண்டிருந்தாள். அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் எலோய்தான் ஞானத்தகப்பன். அந்த உறவில் அவனைக் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவாள். ஐம்பது வயது, ஒரு முழங்கால் சரியில்லை, வாய் மட்டும் நன்றாக இருந்தது.

"அப்ப வெள்ளிக்கிழமை நாம அதை மிதிச்சிட்டா?"

"அது ஏற்கெனவே வெடிச்சதா எழுதியாச்சு. மறுபடி வெடிக்க அதுக்கு அனுமதி இல்லை."

ஒஃபீலியா மென்று விழுங்கினாள். "அப்ப சரி கொம்பாத்ரே. நம்ம கால் போனாலும் இருக்கிறதா கொள்ளப்படும்."

எலோய்க்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. சர்க்கரைத் தூள் ஒட்டிய ஏழு கைகள் உயர்ந்து, தரையில் கிடக்கும் இரும்பை இல்லை என்று ஆக்கிவிட்டன. அந்தக் கைகளுக்குச் சொந்தமான கால்கள் ஒன்றுகூட அங்கே நடக்கப் போவதில்லை. அன்று முழுக்க அவன் இதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை வாஷிங்டனிலிருந்து மேற்பார்வையாளர் லாயிட் பெம்பர்ட்டன் வந்தார். நாற்பதுக்கு நாற்பது வாங்கிய திடலுக்குக் கேடயம் கொடுக்க வந்திருந்தார். ஒல்லியான, மரியாதையான, எதிலும் சந்தேகம் இல்லாத மனிதர். கர்னல் அவருக்கு மார்ட்டரைக் காட்டப் போனபோது கையமர்த்தினார்.

"நான் ஆயுதத்தைப் பார்க்க வரலை, கர்னல். நீங்க ஆயுதத்தைப் பார்க்கறீங்களே, அதைப் பார்க்க வந்திருக்கேன்."

அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் பதினான்காவது வரி: மதிப்பிடல் குழுவினரோடு களத்துக்குள் நேரில் சென்றது, ஆம் அல்லது இல்லை. பெம்பர்ட்டன் தொப்பியை மாட்டிக்கொண்டு, போகலாமா என்றார்.

கூடத்தில் காற்று நின்றுபோனது. காற்று அதிகமாக இருக்கிறது என்றார் கர்னல். களம் கிடைக்கவில்லை, மைனஸ் ஒன்று என்று பெம்பர்ட்டன் எழுதப்போனார். ஓரிக்ஸ் முட்டும் என்றார் ஹஃப் மேடம். மைனஸ் இரண்டு. சூடாக என்சிலாடா தயாராக இருக்கிறது என்றார் கிரம்லி. மைனஸ் மூன்று. மூன்று குறைந்தால் கேடயம் அடுத்த இடத்துத் திடலுக்குப் போய்விடும். கர்னல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எலோய், நீ முன்னால நட. நீ எப்பவும் எப்படிப் போவியோ அப்படியே போ."

எலோய் ஒஃபீலியாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திடல் திறந்த இருபத்திரண்டு வருடத்தில் அப்படியொரு ஊர்வலத்தை யாரும் பார்த்ததில்லை. முன்னால் எலோய். அவனுக்குப் பின்னால் கர்னல், எலோயின் பூட்ஸ் பதிந்த தடத்தில் தன் பூட்ஸைக் கவனமாக வைத்து. கர்னலின் தடத்தில் ஹஃப் மேடம். அவர் தடத்தில் மற்ற நால்வர், அவர்களுக்குப் பின்னால் கிரம்லி. இப்படியே ஏழு பேரும் கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல், ஒருவர் மிதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் மிதிக்காமல் வந்தார்கள். மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்டது. கடைசியில் வந்த பெம்பர்ட்டன் நெகிழ்ந்துபோய், ஒழுங்குக்குப் பத்துக்குப் பத்து என்று குறித்தார்.

எங்கே போகிறோம் என்று எலோய் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அடுத்த அடியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர்களுக்கு அக்கறை இருக்கவில்லை.

முந்நூறு அடி போயிருப்பார்கள். பெம்பர்ட்டன் ஒரு யூக்கா செடி பூத்திருப்பதைக் கண்டு, படம் எடுக்க வரிசையை விட்டு இரண்டடி விலகினார். கிரம்லி பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"அந்தப் பக்கம் போகாதீங்க!"

"ஏன்?" என்றார் பெம்பர்ட்டன்.

குண்டைச் செய்தவர் குண்டைத் தூக்கிவைத்துப் பேசிய வாயை மூடிக்கொண்டு நின்றார். எலோய் நின்றான், திரும்பினான்.

"ஆமா சார், ஏன்? களம் சுத்தம்னுதானே பேப்பர்ல இருக்கு. எல்லாரும் கையைத் தூக்கினீங்களே." பிறகு கையை நீட்டித் தூரத்தில் ஓர் இடத்தைக் காட்டினான். மணலுக்கு மேலே இரும்பு வால் ஒன்று வெயிலில் மின்னியது. "அதோ பதினேழு. இந்த நிமிஷம்கூட கிடக்குது மேடம். இதுக்கு மேல நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்."

திரும்பிப் போகலாம் என்று கர்னல் சொல்லத் தொடங்கினார். சித்திரை மாதத்து மதியக் காற்று அந்தப் பக்கத்தில் மணி தவறாது, அப்போதுதான் கிளம்பியது. மணல் சர்ரென்று ஓடியது. திரும்பிப் பார்த்தபோது பின்னால் ஒரு தடமும் இல்லை. துடைத்து வைத்தாற்போல் மொட்டை மணல்.

கர்னல் ஒரு காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கினபடியே நின்றார். எலோயின் ரேடியோவை வாங்கிப் படையைக் கூப்பிட்டார்.

"சோசி, உடனே வாங்க. இங்க வெடிக்காத குண்டு கிடக்கு."

"எத்தனை சார்?"

கர்னல் பெம்பர்ட்டனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "ஆறு" என்றார்.

"என் கணினியில பூஜ்யம்னு இருக்கு சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. குழு கூடி மாத்தினாத்தான் வண்டி எடுக்க முடியும். அது உங்க விதிதான் சார், போன மாசம் அனுப்பினீங்க."

குழு கூட வேண்டும் என்றால் ஏழு பேரும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். ஏழு பேரும் ஓரிடத்தில்தான் இருந்தார்கள். ஹஃப் மேடம் இரண்டு குதிகாலையும் ஒட்டிவைத்து நின்றபடி கூட்டம் தொடங்கியதாக அறிவித்தார். ஒன்பது வெடிக்கவில்லை: ஏழு கைகள். பன்னிரண்டு வெடிக்கவில்லை: ஏழு கைகள். பதினேழு இந்த நிமிஷம் கிடக்கிறது என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. இருபத்து மூன்றின் நிதானம் பற்றிக் கேட்டபோது, "அது சுத்தத் தறுதலைக் குண்டு, தள்ளுங்க" என்றார் கிரம்லி. மிச்சம் இரண்டுக்கும் கை இறங்கவே இல்லை, தூக்கினது தூக்கினபடியே இருந்தது. பெம்பர்ட்டன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. முந்தின நாள் இதே ஆறுக்கு இரண்டு மணி நேரமும் இருபத்து நான்கு டோனட்டும் ஆகியிருந்தன.

படை வந்தது. சோசி வண்டியை நேரே அவர்கள் முதுகுவரை ஓட்டிவந்து நிறுத்தி, இறங்கி, ஏழு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டி நிறுத்தற இடத்துல எதுக்கு சார் கையைத் தூக்கிட்டு நிக்கிறீங்க?"

உண்மைதான். குண்டு விழும் எல்லை இன்னும் நூற்றைம்பது அடி தள்ளி, ஒரு மஞ்சள் கம்பத்துக்கு அப்பால்தான் தொடங்கியது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒருமுறை திடலுக்கு வந்திருந்தால் போதும். தூரத்தில் ஒஃபீலியா வண்டிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது தெரிந்தது.

அன்று மாலைக்குள் படை ஆறு குண்டுகளுக்கும் வெடிவைத்து அழித்தது. ஆறு முறை சன்னல் அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை எலோயும் ஒஃபீலியாவும் நிம்மதியாக நடந்துபோய்ப் பலகைகளை நட்டுவிட்டு வந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தான் ஏதோ சாதித்துவிட்டதாக எலோய் நினைத்தான். பாவம்.

திங்கட்கிழமை குழு மறுபடி கூடியது, நாற்காலி போட்டு, டோனட்டோடு. ஆறு குண்டுகளும் இப்போது வெடித்துவிட்டன அல்லவா என்று கேட்டார் கிரம்லி. அதற்கு யாரால் மறுப்புச் சொல்ல முடியும்? ஆறு சத்தமும் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. கொஞ்சம் தாமதம், கொஞ்சம் உதவி, அவ்வளவுதான். ஒத்திவைக்கப்பட்ட வெடிப்பு என்ற தங்கள் மதிப்பீடு நூற்றுக்கு நூறு சரியாகிவிட்டதில் ஹஃப் மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பதுக்கு நாற்பது. அந்த வகைக் குண்டுகள் பச்சை முத்திரையோடு பெட்டி பெட்டியாகப் படைகளுக்குப் போயின.

பெம்பர்ட்டன் தம் அறிக்கையில் திடலை முதலிடத்தில் வைத்தார். களத்திலேயே கூடி மூன்றரை நிமிடத்தில் ஆறு முடிவு எடுத்த வேகத்தை மற்ற பதினோரு திடல்களும் பின்பற்ற வேண்டும் என்றும் எழுதியிருந்தார். விருந்தினர்களைக் களத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி வண்டி நிறுத்தும் இடத்துக்கு அழைத்துப் போனதற்காக எலோய்க்கு எழுத்தில் கண்டிப்பு வந்தது. அதோடு இரண்டு புதிய விதிகள். ஒன்று, பார்ப்பவரின் சுமையைக் குறைக்க, தாளில் எல்லாக் குண்டுக்கும் எதிரே 'வெடித்தது' என்று முன்கூட்டியே அச்சடித்துக் கொடுக்கப்படும். இரண்டு, குழு உறுப்பினர்களும் விருந்தினர்களும் இனிக் களத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. காரணம்: அவர்களின் பாதுகாப்பு.

களம் சுத்தமாக இருக்கும்போது அவர்களுக்கு என்ன ஆபத்து என்று எலோய் ஹஃப் மேடத்திடம் கேட்டான்.

"தூசி" என்றார் அவர்.

அடுத்த வாரம் அறுபது குண்டுகள் சுட்டார்கள். எலோய் எண்ணினான், ஐம்பத்தொன்று வெடித்தன. தாளில் அறுபது அச்சாகி இருந்தது. சோசிக்குப் போன் செய்தான். சோசி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் கம்பத்தருகே இருவரும் இறங்கினார்கள். எலோய் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டான். ஒஃபீலியா பலகைகளைக் கட்டி முதுகில் ஏற்றினாள். அன்றைக்கு அவளிடம் கேலி எதுவும் இல்லை.

"கொம்பாத்ரே, நான் உன் தடத்துலயே வர்றேன். மெதுவா போ."

சரி என்று தலையாட்டிவிட்டு எலோய் கம்பத்தைத் தாண்டினான். இரவெல்லாம் அடித்த காற்றில் மணல் வழவழவென்று கிடந்தது. ஒஃபீலியாவுக்கு முன்னால் அவன் தடம் இருந்தது. அவனுக்கு முன்னால் ஒன்றும் இல்லை.